கோத்தகிரி குளிரில் 61 டிகிரி: எங்கள் பள்ளி உரத்தொட்டி

எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப்படைப் பிள்ளைகளின் நோட்டில் இந்த ஜனவரியில் ஒரு வரி ஏறியது: "காலை 9.30, வெளியே 11, தொட்டிக்குள் 61." கோத்தகிரிப் பக்கம் மக்கு உரம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த 61 எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். சமவெளியில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போட்டுக் காய்கறிக் கழிவையும் சருகையும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு மாதத்தில் உரம் வந்துவிடும். இங்கே அதே டிரம்மில் போட்டது நாறும், புழு வைக்கும், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் முட்டைக்கோஸ் இலை முட்டைக்கோஸ் இலையாகவே இருக்கும். எங்கள் பள்ளியில் அது எப்படி மாறியது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மலையில் இருக்கிற வேறு பள்ளிக்கூடங்கள் யாராவது இதைச் செய்வதாக இருந்தால் ஒரு வருஷமாவது மிச்சமாகும்.

பள்ளி இருப்பது தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில். பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளிலிருந்தும் மீதிப் பேர் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) வருகிறார்கள். நான் அங்கே படித்தவன், இப்போது கோத்தகிரியில் வயரிங் வேலை செய்கிறேன், பசுமைப்படைப் பொறுப்பு டீச்சர் கூப்பிட்டதால் வாரத்தில் ஒரு மதியம் போய் உதவுகிறேன்.

எங்கள் மாவட்டம் பிளாஸ்டிக் விஷயத்தில் மற்றவர்களுக்கு முன்னாலேயே நடந்த மாவட்டம். தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். நீலகிரியில் அதற்குப் பல வருஷம் முன்பே கேரி பேக் கிடையாது. இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மஞ்சப்பை தெரியும். ஆனால் சோறும் காய்கறித் தோலும் மக்கிவிடுகிற குப்பைதானே என்று வேலி ஓரத்தில் கொட்டிவிடுகிறோம். அதைத் தேடித்தான் காட்டுப்பன்றி வருகிறது, குரங்கு வருகிறது, கரடியும் வருகிறது. பள்ளிக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் சத்துணவுக் கழிவு கொட்டும் இடத்துக்குக் கரடி வந்துபோன தடத்தை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்டுபிடித்துக் காட்டியதும்தான் இந்த வேலையே ஆரம்பித்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி: "நாம கொட்டுறதை நாமளே நிறுத்த முடியாதா அண்ணா?"

முதலில் எடை. கொக்கி மாட்டித் தூக்குகிற தொங்கு தராசு ஒன்று ஒரு பெற்றோரிடமிருந்து வந்தது. காய் நறுக்கிய கழிவு, தட்டில் மிஞ்சியது, முட்டை ஓடு என்று மூன்று வாளி. பிள்ளைகளே தினமும் நிறுத்துச் சமையல்கூடச் சுவரிலுள்ள கரும்பலகையில் எழுதினார்கள். ஆரம்பத்தில் நாளுக்கு எட்டுக் கிலோ வந்தது. பலகையில் எண்ணைப் பார்த்ததும் தானாகவே ஒரு மாற்றம் நடந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றால் மறுபடி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எந்த நாளில் எது மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துச் சமையல் அக்காவும் அளவைக் குறைத்தார். எட்டு நாலாகிவிட்டது. இந்தப் பதிவில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்களானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், செலவே கிடையாது.

சரி, மிஞ்சிய நாலு கிலோவுக்குத்தான் டிரம். 200 லிட்டர் டிரம், பக்கவாட்டில் அரை அங்குல ஓட்டைகள், கீழே செங்கல். ஜூனில் வைத்தோம். வெளியே 16 இருந்தால் உள்ளே 18. அதற்கு மேல் ஏறவே இல்லை. மோர் ஊற்றிப் பார்த்தோம், வெல்லக் கரைசல், சாணிக் கரைசல் என்று ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் ஊற்றிப் பார்த்தோம். ஈரம்தான் கூடியது. தப்பு சேர்மானத்தில் இல்லை, அளவில் இருந்தது. குவியல் தனக்குள்ளேயே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது மூன்றடி வேண்டும். இந்தக் குளிரில் நாலடி என்றால் நல்லது. டிரம்மில் உண்டாகிற கொஞ்சச் சூடும் சுற்றியுள்ள குளிர்காற்றில் போய்விடுகிறது.

ஆகஸ்டில் டிரம்மை விட்டுவிட்டு நாலு கம்பு நட்டுக் கோழி வலை சுற்றிப் பெரிய கூண்டாகக் கட்டினோம். மேலே ஒரு பழைய கதவு. கூண்டு பெரிதாகிவிட்டது, ஆனால் உள்ளே போட எங்களிடம் இருந்தது அதே நாலு கிலோதான். ஒரு வாரம் போட்டால் ஒரு சாண் உயரம். அதற்குள் முதலில் போட்டது குளிர்ந்து ஊறிப்போயிருக்கும். இடையில் யாரோ வீட்டிலிருந்து அழுகின பேரிக்காய் ஒரு கூடை கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். புளித்த பழ வாசனை இரவுக் காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை கதவு பத்தடி தள்ளிக் கிடந்தது, கோழி வலை மேலிருந்து கீழ்வரை பிரிந்திருந்தது, கம்பில் நகக் கீறல். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் கரடியை வரவழைக்கும் ஒரு பொருளை அதற்கப்புறம் ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது. அன்றே எல்லாவற்றையும் குழி தோண்டி மூடினோம்.

இதற்குப் பிறகு டீச்சர் பிள்ளைகளை லாங்வுட் சோலைக்குக் கூட்டிப்போனார். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. அங்கே தரையில் கையை வைத்துக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் மேலே காய்ந்த இலை, அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே வெள்ளை நூல்நூலாகப் பூஞ்சை ஓடிய கறுப்புப் பொடி. இவ்வளவு குளிரிலும் காடு மக்க வைக்கிறது, ஆனால் மேலே எப்போதும் காய்ந்த இலைதான் இருக்கிறது. ஒரு பையன் அதைத்தான் கவனித்துச் சொன்னான்: "நாம மேல சோத்தைப் போட்டோம், இது மேல சருகைப் போட்டிருக்கு." அங்கிருந்து ஒரு கைப்பிடி இலைகூட எடுக்கவில்லை, அது அந்தக் காட்டின் சாப்பாடு. எங்களுக்குத் தேவையான சருகு தேயிலைத் தோட்டத்திலேயே சில்வர் ஓக் மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது.

இங்கேதான் வேலை பள்ளிக்கு வெளியே போனது. நாலடிக் குவியல் ஒரே நாளில் நிறைய வேண்டுமென்றால் பள்ளியின் கழிவு போதாது, ஊரின் கழிவு வேண்டும். பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து கேட்டுப் போனார்கள். டீக்கடைகள் மூன்றில் டிகாஷன் சக்கை (பால் கலக்காதது மட்டும்), காய்கறிக் கடையில் முட்டைக்கோஸின் வெளி இலையும் கேரட் தழையும், மாடு வைத்திருக்கும் வீடுகளில் சாணி, கவாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) முடிந்த தோட்டத்தில் குச்சி. யாரும் "இல்லை" என்று சொல்லவில்லை. பிள்ளைகள் மூடி போட்ட வாளியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெற்றோரின் ஆட்டோவில் வாளிகள் வந்துசேரும். பிள்ளைகள் சுமப்பது ஐந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது, கையுறை கட்டாயம் என்பது டீச்சர் போட்ட விதி.

டீக்கடைச் சக்கையில் ஒரு தொல்லை: பால் பாக்கெட்டின் வெட்டிய மூலைகள். நகம் அளவு பிளாஸ்டிக் முக்கோணம், ஒரு வாளிக்கு இருபது முப்பது. பாக்கெட்டைத் திரும்ப எடுப்பவர்கள் இருக்கிறார்கள், மூலையை எடுக்க யாரும் இல்லை. அது சாக்கடை வழியாக ஓடைக்குப் போகும், இல்லையென்றால் உரத்தோடு தோட்டத்துக்குப் போகும். பிள்ளைகள் கடைக்காரர்களிடம் கத்தரிக்கோலை வாங்கிக் காட்டினார்கள்: மூலையை முழுக்க வெட்டாமல் முக்கால்வாசி வெட்டி மடித்துவிட்டால் பால் அதே வேகத்தில் ஊற்றும், மூலை பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு கடைகளில் அன்றிலிருந்து அப்படித்தான். மூன்றாவது கடையில் காலை நேர அவசரத்தில் இன்னும் மறக்கிறார்கள். அந்தக் கடை வாளியைத் தனியாகக் கொட்டிப் பொறுக்கிய பிறகுதான் தொட்டியில் போடுகிறோம்.

செப்டம்பர் கடைசியில் தொட்டி கட்டினோம். இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் உள்ளளவு நாலுக்கு நாலடி, உயரம் 40 அங்குலம். ஆறு அங்குல ஹாலோ பிளாக்கில் ஐந்து வரி. இரண்டாவது, நாலாவது வரிகளில் கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி, காற்றுக்காக. தரையில் சிமென்ட் கிடையாது, மண்ணோடு தொட்டுக்கொண்டிருந்தால்தான் மண்புழு மேலே வரும். ஆனால் ஓரமெல்லாம் ஓரடி ஆழத்துக்குக் கல் புதைத்திருக்கிறது, பன்றி மூக்கை விட்டுத் தோண்டாமல் இருக்க. முன்பக்கம் சுவர் இல்லை. இரண்டு பக்கமும் ஆங்கிளில் (L வடிவ இரும்பு) பள்ளம் வைத்துப் பழைய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருக்கிறோம். குவியல் வளர வளரப் பலகை போடலாம், கிளறும்போது உருவிவிடலாம். மேலே ஆங்கிள் சட்டத்தில் 10 கேஜ் வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) மூடி, ஓரங்குலக் கண். மூடியைச் சாத்திக் கொண்டி போட்டால் பலகையையும் மேலே உருவ முடியாது. இந்த யோசனை வெல்டிங் பட்டறை அண்ணனுடையது, அதற்காகவே அவருக்கு நன்றி.

செலவு: கல் 80-க்கு ₹3,600, சிமென்ட் இரண்டு மூட்டை ₹850, எம் சாண்ட் ஏற்று கூலியோடு ₹1,200, ஆங்கிள் ₹1,350, வெல்ட் மெஷ் ₹960, கீலும் கொண்டியும் ₹350, வெல்டிங் கூலி ₹1,200. கிளறுவதற்கு நாலு பல் முள்ளு ஒன்று ₹650. நீளக் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ₹420. மொத்தம் ₹10,580. பழைய மாணவர்கள் ஏழாயிரம் சேர்த்தோம், மீதியைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி வாங்கினார்கள். கொத்து வேலையை ஒரு பிள்ளையின் அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து கூலி வாங்காமல் செய்தார். கூலி கொடுத்திருந்தால் பதினாலாயிரம் தாண்டியிருக்கும்.

இடமும் மாறியது. தேயிலை ஓரத்திலிருந்து எடுத்துச் சமையல்கூடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நடுவில் வைத்தோம், புதரிலிருந்து முப்பது அடிக்கு மேல். கழிவு போடுவது மதியம் ஒன்றரைக்குள், கிளறுவது 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் மட்டும். கரடியும் பன்றியும் அந்தியிலிருந்து விடியல்வரைதான் அதிகம் நடமாடும், அந்த நேரத்தில் அங்கே ஆளும் இருக்கக்கூடாது, புது வாசனையும் இருக்கக்கூடாது.

அக்டோபரில் முதல் குவியல் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும், எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான். மெஷ் மூடி கரடியைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. தார்ப்பாய் போட்டோம், அதில் தண்ணீர் குளமாகத் தேங்கி ஒரே இடத்தில் கொட்டியது. நவம்பரில் பலகையை உருவியபோது கீழே ஒரு முழம் கருப்பாக, அழுகின முட்டை வாடையோடு நசநசவென்று இருந்தது. நடுவில் சில்வர் ஓக் இலை முழுசு முழுசாக அப்பளம் அடுக்கியதுபோல் படிந்து, தண்ணீரும் இறங்காமல் காற்றும் ஏறாமல் தடுத்திருந்தது. முழுவதையும் வெளியே வாரிக் கவாத்துக் குச்சியோடு கலந்து இரண்டாவது அறைக்கு மாற்றினோம். அந்த அறை இன்றுவரை மெதுவாகத்தான் மக்குகிறது.

டிசம்பர் கடைசியில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. இலை மொறுமொறுவென்று காய்ந்ததும் சாக்கில் பாதி நிரப்பி வாயைக் கட்டிப் பிள்ளைகளை மிதிக்க விட்டோம். இரண்டு நிமிஷத்தில் உள்ளே தூள். இதைவிட நல்ல இயந்திரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஈரமான இலையில் இது நடக்காது, காய்ந்தே ஆகவேண்டும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையைச் சேர்க்கவில்லை, அதன் எண்ணெய்ப்பசையால் மக்க ரொம்ப நாளாகும்.

ஜனவரியில் பள்ளி திறந்த வாரம் ஒரே மதியத்தில் கட்டிய குவியல் இது. அடியில் அரையடிக்குக் கவாத்துக் குச்சி குறுக்கும் நெடுக்குமாக. அதற்கு மேல் 20 லிட்டர் பெயின்ட் வாளிக் கணக்கில் இலைத்தூள் இரண்டு வாளி, பச்சைக் கழிவு ஒரு வாளி, சாணிக் கரைசல் அரை வாளி தெளித்து, மறுபடி இலை. மொத்தம் இலை 40 வாளி, பச்சை 20 வாளி. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் இலை போடு, ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளி. மேலே அரையடிக்கு இலை மட்டும். ஓரங்களில் பழைய சாக்கைத் தொங்கவிட்டோம். மழை வந்தால் போட ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தோம்.

மறுநாள் 24. அதற்கடுத்த நாள் 38. நாலாம் நாள் 57. அப்புறம்தான் அந்த 61. தெர்மாமீட்டரோடு கூடவே ஒரு இரும்புக் கம்பியையும் குவியலின் நடுவில் குத்தி வைத்திருந்தோம். தெர்மாமீட்டர் இல்லாத பள்ளிக்கு இதுவே போதும். கம்பியை உருவினால் அடி முனையைக் கையில் ஒரு நொடிக்கு மேல் பிடிக்க முடியவில்லை, முனையிலிருந்து ஆவி வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்த்தார்கள். 55-க்கு மேல் மூன்று நாளாவது நின்றால் பெரும்பாலான நோய்க் கிருமிகளும் பல களை விதைகளும் சாகும். 70-ஐத் தாண்டினால் மக்க வைக்கிற உயிர்களே செத்துவிடும், அப்போது கிளறிவிட வேண்டும். எங்களுக்கு 63-க்கு மேல் போகவில்லை.

இந்தச் சூடான குவியல் தினமும் வரும் நாலு கிலோவை விழுங்கிவிடுகிறது. நடுவில் முள்ளால் ஒரு குழி தோண்டி, அதில் கழிவைப் போட்டு, சூடான கலவையால் மூடி, மேலே இரண்டு வாளி இலை. வாசனையே இல்லை. அந்த இடத்துக்கு இதுவரை கரடி வரவில்லை. குரங்கு மட்டும் மூடிமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும். எண்ணெய்ச் சோறும் சாப்பிடாமல் விட்ட முட்டையும் போடுவதில்லை. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து நொறுக்கிப் போடுகிறோம். சூடு 42-க்கு இறங்கியதும் முழுவதும் வெளியே வாரிக் கிளறித் திரும்பப் போட்டோம், 55-க்கு ஏறியது. அதற்கப்புறம் ஏறிய சூடெல்லாம் சின்னச் சின்னது.

ஏப்ரலில் சலித்தோம். அரை அங்குலக் கண் சல்லடை, பழைய மெஷ் துண்டில் சட்டம் அடித்தது. 50 கிலோ சாக்கில் ஐந்து சாக்கு வந்தது. கருப்பு, மண்வாசனை, கையில் ஒட்டாதது. சல்லடையில் நின்றது இலை நரம்பு, குச்சி, முட்டை ஓடு, பதினோரு பால் பாக்கெட் மூலை. மூலையைத் தவிர மற்றதெல்லாம் அடுத்த குவியலுக்குப் போனது. சாணி கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒரு வாளி உரம் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு பாட்டி அதைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, இனி சமையல் கழிவையும் வேலியில் கொட்டாமல் உங்களுக்கே தருகிறேன் என்றார். அந்த வரிசையில் இப்போது ஏழு வீடு சேர்ந்திருக்கிறது. மீதி உரம் பள்ளியின் அவரைக்கும் கீரைக்கும், கொஞ்சம் விக்கி, நாவல் மர நாற்றுப் பைகளுக்கும்.

இன்னொரு முறை கட்டினால் மாற்றுவது: மூடி. ஒரே துண்டாக நாலடிக்கு நாலடி வெல்ட் மெஷ் மூடி பதினாலு கிலோ வருகிறது, இரண்டு பெரியவர்கள் இல்லாமல் தூக்க முடியவில்லை, பிள்ளைகள் கை நசுங்குமோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் பயம். நடுவில் கீல் வைத்து இரண்டாக மடிப்பதுபோல் செய்திருக்க வேண்டும், வெல்டிங் கூலி முந்நூறு நானூறு கூடியிருக்கும், அவ்வளவுதான். கூரையைத் தொட்டியோடு சேர்த்தே போட்டிருக்க வேண்டும்: எட்டடித் தகரம் மூன்று, பின்பக்கம் ஓரடி சாய்வு, தண்ணீர் போக வாய்க்கால். மூன்றாவது அறை ஒன்றும் வேண்டும், கிளறும்போது மாற்றிப் போட இடமில்லாமல் தரையில் வாரிக் கொட்டுகிறோம்.

மே விடுமுறைக்கு யார் கழிவு போடுவது என்று பட்டியல் போடவே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசி வேலைநாளுக்கு இரண்டு வாரம் முன்பே புதுக் கழிவை நிறுத்திவிட்டு, ஒரு முறை கிளறி, நனைத்து, மூடிப் பூட்டிவிட்டால் ஜூன் வரை அதுபாட்டுக்கு முதிரும். விடுமுறையில் ஆளில்லாத இடத்தில் புதுச் சோற்றைப் போட்டு வைப்பதுதான் ஆபத்து.

போன வாரம் குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து பசுமைப்படைப் பிள்ளைகளும் அவர்கள் சாரும் வந்து பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகளே கம்பியை உருவிக் காட்டி, பிழிந்து காட்டி, கணக்கு நோட்டையும் கொடுத்தார்கள். அந்த சார் முதலில் கேட்டது கல்லும் சிமென்டும் எங்கே மலிவு என்று. எட்டாம் வகுப்புப் பெண் அதற்குச் சொன்ன பதில்: "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் சார். கோடை மழை பிடிக்கிறதுக்குள்ள நாப்பது சாக்கு இலை காய வெச்சுக் கட்டிடுங்க."